பழைய காருக்குப் புது பெயின்ட்: அடிக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

வீட்டு வாசலில் ஒரு மாருதி 800 நிற்கிறது. 1999-ல் அப்பா வாங்கியது. வாங்கியபோது நல்ல சிவப்பு. இப்போது கூரையும் பானட்டும் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குடம்போல வெளிறி, ரோஸ் கலருக்கு வந்துவிட்டன. கையால் தடவினால் உள்ளங்கையில் சிவப்பு மாவு ஒட்டுகிறது. இடது பக்கக் கதவின் அடியில் நாலைந்து சின்னக் கொப்புளங்கள்.

“இன்ஜின் நல்லாத்தான்டா இருக்கு. பெயின்ட் மட்டும் அடிச்சா போதும்” என்கிறார் அப்பா. லீவுக்கு ஊருக்கு வந்த மகன் காரை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போகிறார். காரை ஒரு சுற்று சுற்றி வந்தவர் சொல்கிறார்: “ஃபுல் பெயின்ட் அடிச்சிடலாம் தம்பி. பட்டி பார்த்து அடிச்சா ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும்.”

இந்தக் காட்சிக்கு ஊர் பேர் தேவையில்லை. பழைய கார் நிற்கிற பல வீடுகளில் நடப்பதுதான். 1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, இந்தியச் சாலைகளில் 25 லட்சத்துக்கும் மேல் இறங்கிய கார். அம்பாசடரும் அதே 2014-ல்தான் நின்றது. பத்மினி அதற்கும் பல வருடங்கள் முன்பே நின்றுவிட்டது. மிச்சமிருப்பவை எல்லாமே வயதான வண்டிகள். வித்துவிடலாமா, ரெடி பண்ணலாமா என்ற கேள்வி வரும்போது, பெரும்பாலும் முதலில் பேசப்படுவது பெயின்டைப் பற்றித்தான். கடைசியில் பேச வேண்டியதும் அதுதான்.

காரணம் எளிது. பெயின்ட் மறைக்கும், சரிசெய்யாது. அடியில் துரு இருந்தால், அதன்மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் துரு தன் வேலையைத் தொடரும். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் போட்ட பணம் கொப்புளமாக வெளியே வரும்.

பெயின்ட் ஏன் வெளுக்கிறது?

கார் பெயின்டில் நிறம் தருவது நிறமித் தூள். அந்தத் தூளைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பிசின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தப் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. பிடிப்பு போனதும் மேலே தூள் மட்டும் தனியாக நிற்கிறது. கையில் ஒட்டும் சிவப்பு மாவு அதுதான். மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடுவதால் ஒளி நேராகத் திரும்பாமல் சிதறுகிறது. அதனால்தான் பளபளப்பு போய் வெள்ளையடித்த மாதிரி தெரிகிறது.

வெயில் நேராக விழும் கூரையும் பானட்டும்தான் முதலில் அடிபடும். கதவுகள் தப்பித்துவிடும். சிவப்பு நிறம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் வெளுப்பதும் வழக்கம். இதோடு பறவை எச்சம், மரத்துப் பிசின், போர்வெல் தண்ணீர் காய்ந்து விட்டுப்போகும் உப்புக் கறை, கடலோர ஊர்களின் உப்புக் காற்று எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

பாலிஷ் போதுமா, பெயின்ட் வேண்டுமா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு துணியும் கொஞ்சம் பாலிஷும் போதும். பழைய கார்களில், முக்கியமாக மெட்டாலிக் அல்லாத சாதா நிறங்களில், நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். பின்னால் வந்த கார்களில் நிறம் ஒரு பூச்சு, அதன்மேல் கண்ணாடி மாதிரி நிறமற்ற ‘கிளியர் கோட்’ இன்னொரு பூச்சு.

வண்டியை நன்றாகக் கழுவிவிட்டு, கண்ணில் படாத ஓரத்தில் வெள்ளைத் துணியால் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் காரின் நிறம் இறங்கினால் அது ஒற்றைப் பூச்சு. வெள்ளைக் காராக இருந்தால் கறுப்புத் துணியில் பார்க்க வேண்டும். நிறம் இறங்கவில்லை என்றால் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

ஒற்றைப் பூச்சு என்றால் நம்பிக்கை உண்டு. செத்துப்போன மேல் தோலை எடுத்தால் அடியில் நல்ல நிறம் காத்திருக்கலாம். கிளியர் கோட் உள்ள காரில் மேலே லேசான மங்கலும் சுழல் கீறலும் மட்டும் இருந்தால் அதையும் பாலிஷில் மீட்கலாம். ஆனால் வெயிலில் தோல் உரிவதுபோல கிளியர் கோட் திட்டுத் திட்டாக உரிந்திருந்தால் பாலிஷ் உதவாது. அந்தப் பகுதியைத் தேய்த்து எடுத்து மறுபடி அடிப்பதுதான் வழி.

பாலிஷ் என்றால் உண்மையில் என்ன?

பாலிஷ் என்பது ஏதோ ஒன்றைப் பூசுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர். ரப்பிங் கம்பவுண்டில் மிக நுண்ணிய மணல் போன்ற துகள்கள் இருக்கும். அவை பெயின்டின் மேல்தோலைச் சீவி எடுக்கின்றன. கீறலைச் சுற்றியுள்ள பகுதி கீறலின் ஆழத்துக்கு இறங்கும்போது கீறல் காணாமல் போகிறது. அதாவது ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் பெயின்ட் செலவாகிறது.

கையிருப்பு எவ்வளவு? கம்பெனியில் அடித்த பெயின்ட், பிரைமர் உட்பட எல்லா அடுக்கும் சேர்ந்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு ஏ4 தாளின் தடிமனே சுமார் 100 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. ‘வருஷத்துக்கு ரெண்டு தடவை கம்பவுண்டு போடுங்க சார்’ என்ற யோசனையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஷாம்பூ வாஷ். பிறகு ‘கிளே பார்’ என்ற களிமண் கட்டியை வழுவழுப்பான திரவத்தோடு ஓட்டி, பெயின்டில் ஒட்டிக்கிடக்கும் தூசு, தார், இரும்புத் துகள்களை எடுப்பது. பிறகு ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் மட்டும் சோதனை. லேசான பாலிஷில் நிறம் திரும்பினால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். திரும்பாவிட்டால்தான் கடினமான கம்பவுண்டு. கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே மெஷின் ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் பிரைமர் தெரிந்துவிடும். அந்த ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்வது நல்ல பழக்கம்.

கடைசியில் வேக்ஸோ, சீலன்ட்டோ, செராமிக் கோட்டிங்கோ. இவை கீறலைச் சரிசெய்வதில்லை. மீட்ட பளபளப்பைக் கொஞ்ச காலம் காக்கின்றன. தேய்க்காமல் நேராக செராமிக் போட்டால், உள்ளே இருக்கும் மங்கலையும் சேர்த்துத்தான் பூட்டி வைக்கும்.

கொப்புளத்துக்கு அடியில் என்ன?

கதவின் அடியில் இருந்த அந்த நாலைந்து கொப்புளங்களுக்கு வருவோம். வெளியில் கீறல் பட்டு அங்கே மட்டும் துரு பிடித்தது என்றால் பரவாயில்லை. கதவின் அடிப்பக்கம், மட்கார்டு ஓரம், ரன்னிங் போர்டு ஆகிய இடங்களில் கொப்புளம் கிளம்பினால், துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற அடியில் சின்னத் துளைகள் உண்டு. மண்ணும் இலையும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

காரை வாங்கும் முன்போ, பெயின்டுக்குக் கொடுக்கும் முன்போ மிதியடியைத் தூக்கி ஃப்ளோரைப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, பேட்டரி வைக்கும் தட்டு, ஜாக்கி கொடுக்கும் இடம் ஆகியவையும் முக்கியம். பேட்டரி ஆசிட் கசிந்து அதன் அடித் தகட்டை அரித்திருப்பது பழைய கார்களில் சகஜம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இருக்கைக்கு அடியிலும், தரை விரிப்புக்கு அடியிலும் சேறு காய்ந்த தடம் இருக்கும்.

துருவை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மேலோட்டமான துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு வரை எடுத்துவிட்டு பிரைமர் அடிக்கலாம். குழி விழுந்த துரு என்றால் குழிக்குள் இருப்பதையும் எடுக்க வேண்டும், அல்லது பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றியைப் போட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் அங்கே இரும்பே இல்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. ரன்னிங் போர்டும் ஃப்ளோரும் வண்டியின் உடலைத் தாங்கும் பாகங்கள். அங்கே துரு என்பது அழகுப் பிரச்சினை இல்லை, மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்ற பிரச்சினை.

பட்டி போடுவது தப்பா?

இல்லை. பட்டி இல்லாமல் டிங்கர் வேலையே கிடையாது. சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தகட்டில் மிச்சமிருக்கும் சின்ன மேடு பள்ளத்தை நிரப்புவதுதான் பட்டியின் வேலை. சில மில்லிமீட்டருக்கு மேல் கனமாக ஏற்றினால், வண்டியின் அதிர்விலும் வெயிலின் சூட்டிலும் அது பிளக்கத் தொடங்கும். ஓட்டையை அடைக்க அதைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கத்திலிருந்து வரும் தண்ணீரை அது இரும்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இதே காரணத்தால், பட்டியைத் தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும் ஆபத்து. பல இடங்களில் வாட்டர் பேப்பரை எடுத்து நேராகப் பட்டியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டியை உலர்வாகத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு தண்ணீர் வைத்துத் தேய்ப்பதே சரியான வரிசை. வெறும் இரும்பின்மேல் முதலில் எபாக்சி பிரைமர் போட்டால் ஈரம் இரும்பைத் தொடாமல் தடுக்கும். சாதாரண பிரைமரில் நுண்துளைகள் இருப்பதால் பிரைமரோடு வண்டியை மாதக்கணக்கில் மழையில் நிறுத்தி வைக்கக் கூடாது.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன உத்தி: மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவு, மட்கார்டு முழுக்க நகர்த்திப் பார்த்தால், பட்டி கனமாக உள்ள இடத்தில் பிடிப்பு தளரும்.

பெயின்டுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், வயரிங், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் முடிந்த பிறகே பெயின்ட். இன்ஜினைக் கழற்றி மாட்டும்போது புதுப் பெயின்டில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும், வேலை வீண். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் அதை இளக்கி உரித்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பல வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதை முழுதாக மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்படாதவை அவை என்பதால், தயங்காமல் மாற்றிவிடலாம். டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். ‘1215’ என்றால் 2015-ன் 12-வது வாரத்தில் செய்தது. அந்த டயரில் ஹைவே ஏறுவது சரியில்லை.

பூத்தில் நடப்பது

‘டூக்கோ அடிக்கிறது’ என்று இன்றும் சில ஒர்க்‌ஷாப்களில் சொல்வதைக் கேட்கலாம். அது 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த பெயின்டின் பெயர். ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லேண்ட் காரில் அது முதலில் பெரிய அளவில் வந்தது. அதற்கு முன்பு வார்னிஷ் வகைப் பூச்சுகள் காய்ந்து முடிய நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ சீக்கிரம் காய்ந்தது. பல நிறங்களில் கார் விற்பது சாத்தியமானது.

இன்றைய பெயின்ட் வேறு. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் ‘டூ கே’ பெயின்ட், வெறுமனே உலர்வதோடு நிற்காமல் ரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. வெயிலையும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் இதற்குத் தூசியில்லாத பூத் வேண்டும். மரத்தடியில் அடித்தால் பூச்சியும் தூசியும் பெயின்டோடு சேர்ந்து காயும்.

மழைக்காலத்தில் அவசரப்படுத்துவதும் கூடாது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமென்றால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, முக்கியமாக லாக்கர் வகைப் பெயின்டில், பால் தெளித்த மாதிரி வெள்ளை படரும். தீபாவளிக்கு முன்னால் வண்டி வேண்டும் என்று நெருக்குபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஒரு கதவை மட்டும் அடிக்கும்போது இன்னொரு சிக்கல். காரின் கலர் கோடு தகட்டில் இருக்கும். அந்தக் கோடின்படி கலக்கினால் வருவது 1999-ன் சிவப்பு. பக்கத்தில் இருப்பது கால் நூற்றாண்டு வெயில் பார்த்த சிவப்பு. அதனால் முதலில் பழைய பகுதிகளைப் பாலிஷ் போட்டு உண்மையான நிறத்தை வெளியே எடுத்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்பக் கலக்க வேண்டும்.

அடிப்பவரின் நுரையீரல்

ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அது நுண்துளியாகக் காற்றில் மிதக்கும். தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரவைக்கும் பொருள் அது. ஒருமுறை உடல் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். முகத்தில் கட்டும் கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க்தான் பாதுகாப்பு.

பழைய மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு பெயின்டுகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியை வீட்டு வாசலில் பறக்கவிடக் கூடாது. யூடியூப் பார்த்து மொட்டை மாடியில் ஸ்பிரே அடிக்கத் தயாராகும் இளைஞர்கள், பாலிஷ் வரை வீட்டில் செய்யலாம். டூ கே பெயின்டைக் கடைக்கு விட்டுவிடுவது நல்லது. ஒர்க்‌ஷாப்பைத் தேர்வு செய்யும்போதும், அங்கே பெயின்டர் என்ன மாஸ்க் போட்டிருக்கிறார் என்று பார்க்கலாம். தன் ஆளைக் கவனிக்கும் கடை, வண்டியையும் கவனிக்க வாய்ப்பு அதிகம்.

ஆர்டிஓ ஆபீஸ் கணக்கு

‘15 வருஷம் தாண்டினா ஓட்டவே கூடாது’ என்ற பேச்சு டெல்லி வட்டாரக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். மத்திய அரசின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி ரூ.10,000. பசுமை வரி தனி.

சிவப்புக் காரைக் கறுப்பாக்கும் ஆசை இருந்தால், ஆர்சி புத்தகத்தில் நிறம் பதிவாகியிருப்பதை மறக்கக் கூடாது. நிறம் மாறினால் ஆர்டிஓ-விடம் சொல்லி ஆர்சியில் மாற்ற வேண்டும். பதிவே காலாவதியாகிக் கிடக்கும் வண்டிக்கு முதலில் ஆவணத்தைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் பெயின்டில் கை வைக்க வேண்டும்.

50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிகளின்படி ‘வின்டேஜ்’ பதிவு தனியாக உண்டு. அதற்கு வண்டி பெரிய மாற்றங்கள் இல்லாமல், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

எஸ்டிமேட் எப்படிக் கேட்பது?

‘மொத்தமா எவ்ளோ ஆகும்?’ என்று கேட்டால் மொத்தமாக ஒரு தொகைதான் வரும். தகடு வேலை, வெல்டிங், பிரைமர், பெயின்ட் வகை, எத்தனை கோட், பீடிங் ரப்பர்களைக் கழற்றி அடிப்பார்களா, டேப் ஒட்டி அடிப்பார்களா என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். கண்ணாடி ரப்பரைக் கழற்றாமல் அடித்த பெயின்ட், அந்த ஓரத்திலிருந்துதான் முதலில் உரியும். பெயின்டுக்கு முன்பு, வெறும் இரும்பாக இருக்கும் நிலையில் போட்டோ கேட்பதும் தவறில்லை. “பட்டி போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே” என்ற ஒரு வரி, பல சண்டைகளைத் தவிர்க்கும்.

பல சமயம் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். மறுவிற்பனையில் அது திரும்பாது. ரன்னிங் போர்டும் ஃப்ளோரும் அரித்துப்போன, ஆவணமும் இல்லாத வண்டியைப் பாசத்துக்காகப் பெயின்ட் அடித்து ஓட்டுவது குடும்பத்துக்கே ஆபத்து.

அந்த 1999 மாருதிக்கு என்ன செய்யலாம்? துணி சோதனையில் சிவப்பு இறங்குகிறது, ஆக ஒற்றைப் பூச்சு. கதவுகளும் டிக்கியும் பாலிஷிலேயே மீளக்கூடும். இடது கதவின் அடியை வெட்டி, தகடு வைத்து, அந்தப் பகுதியை மட்டும் அடிக்கலாம். கூரையும் பானட்டும் சோதனை இடத்தில் நிறம் திரும்பாவிட்டால் மட்டும் புதுப் பெயின்ட். ஃபுல் பெயின்டின் செலவில் ஒரு பகுதியை பிரேக்குக்கும் டயருக்கும் திருப்பிவிடலாம்.

கம்பெனியில் அடித்த பெயின்ட், வெறும் பாடியை அடுப்பில் சுட்டு இறுக்கியது. இன்ஜினும் வயரும் ரப்பரும் உள்ளே இருக்கும் காரை யாரும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அதனால் ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்ட அசல் பெயின்ட் திரும்ப வருவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் “ஃபுல் பெயின்ட் அடிச்சிடலாம் தம்பி” என்று கேட்டதும், சரி சொல்வதற்கு முன் ஒரு துணியும் கொஞ்சம் பாலிஷும் வாங்கி, ஓர் அடி இடத்தில் தேய்த்துப் பார்த்துவிடுவது நல்லது. அரை மணி நேரத்தில் கார் தானே பதில் சொல்லிவிடும்.